தூரமும் நேரமும்



உங்கள் மகன் தில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். எப்பொழுது போய்ச் சேருவான் என்று பெற்ற உள்ளம் கணக்கிடும். தூரத்தை மட்டும் அறிந்தால் விடை கிடைக்குமா?

பூமியின் வளைவில் மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர். ஏர் இந்தியா விமானம் முன்பு மேற்கே அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்தது. 2016 அக்டோபரில் அது கிழக்கே பசிபிக் வழியாகச் சுமார் 15,300 கிலோமீட்டர் பறந்தது. தூரம் கூடியும், முன்னிலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைந்து, பதினான்கரை மணி நேரத்தில் சென்றடைந்தது. காரணம், உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்கே விரைந்து வீசும் காற்று. எதிரே வரும் விமானத்தை அது தாமதப்படுத்தும்; தன்னோடு செல்வதை உந்தித் தள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பயணச்சீட்டில் இருப்பவை அந்தந்த ஊரின் நேரங்கள். கோடைகாலத்தில் தில்லியில் அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டுப் பதினான்கரை மணி நேரம் பறந்தாலும், இறங்கும்போது அங்கே அதே நாள் காலை 6 மணிதான். இரண்டு மணி நேரப் பயணம் என்றெண்ணித் தொலைபேசியருகே கலங்கி அமராதீர்கள். நம் கடிகாரத்தில் மாலை 6.30 ஆகட்டும், குடிநுழைவுச் சோதனை முடிந்து அவன் வெளியே வரும்வரை பொறுத்திருங்கள்.