விண்டோஸ் மென்பொருளுக்கு விண்டோஸ்தான் வேண்டுமா?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கட்டாயமாகக் கேட்கிறது. இன்டெல் செயலி என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். இந்த வரம்புக்கு வெளியே தள்ளப்பட்ட கணினிகளில் எத்தனையோ இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. அவற்றில் லினக்ஸை நிறுவிக்கொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் காசில்லாமல் தொடர்ந்து கிடைக்கும். ஆனாலும் பலர் மாறத் தயங்குகிறார்கள். பழைய டிடிபி கடைக்குப் பேஜ்மேக்கர் வேண்டும். வரிக் கணக்குத் தாக்கல் செய்து தருபவருக்கு மேக்ரோ இயங்கும் எக்செல் வேண்டும். ‘எல்லாம் சரி, அந்த ஒரு மென்பொருள் இதில் ஓடுமா?’ என்ற கேள்வியில்தான் பெரும்பாலான முயற்சிகள் நின்றுபோகின்றன. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓடவைக்கும் தொழில்நுட்பத்தை ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பார்வை மாற வேண்டும். இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏட்டளவில் நிற்காமல் கைக்கு வருவதற்கான பொது உள்கட்டமைப்பு அது. அரசுகளும் நிறுவனங்களும் அதை அப்படித்தான் நடத்த வேண்டும்.

இந்தத் தடை எப்படி உருவானது என்பதை அமெரிக்க நீதிமன்ற ஆவணம் ஒன்று துல்லியமாக விளக்குகிறது. மைக்ரோசாஃப்ட் மீதான ஏகபோக வழக்கில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன், வழக்கின் உண்மைகள் எவை என்று தாம் கண்டறிந்ததை 1999 நவம்பர் 5 அன்று வெளியிட்டார். விண்டோஸின் ஆதிக்கத்தைக் காத்து நிற்பது அதற்காக எழுதப்பட்ட மென்பொருள்களின் பெருந்தொகை என்றார் அவர். அன்று அவற்றின் எண்ணிக்கை 70,000க்கு மேல். மென்பொருள் இருக்கும் இடத்துக்குப் பயனர்கள் போகிறார்கள். பயனர்கள் இருக்கும் இடத்துக்கு மென்பொருள் எழுதுவோர் போகிறார்கள். புதிதாக வரும் இயங்குதளம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் இந்தச் சுழலுக்குள் நுழைய முடிவதில்லை. விண்டோஸ் தன் மென்பொருள்களுக்குத் தரும் சேவை அழைப்புகள் அனைத்தையும் போட்டியாளர் ஒருவர் தாமே எழுதிவிட்டால் தடை தகருமே என்ற யோசனையையும் அவர் ஆராய்ந்தார். நடைமுறையில் அது ஏறக்குறைய இயலாத காரியம் என்று முடிவு கட்டினார். இருக்கும் ஆயிரக்கணக்கான அழைப்புகளை எழுதி முடிப்பதற்குள் மைக்ரோசாஃப்ட் புதிதாகப் பலவற்றைச் சேர்த்துவிடும். துரத்துபவர் ஒருபோதும் எட்டிப்பிடிக்க முடியாது. பெரும் பணத்தைக் கொட்டிய ஐபிஎம் அதில் தோற்றதே அவருக்குச் சான்று. அன்றைய நிலையில் அது நியாயமான முடிவுதான். ஆனால் அடுத்து வந்த இருபது ஆண்டுகள் வேறு கதையைச் சொல்கின்றன.

ஜாக்சன் அதை எழுதியபோது, இயலாது என்று அவர் கருதிய வேலையைத் தன்னார்வலர்கள் சிலர் ஏற்கெனவே ஆறு ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தார்கள். 1993-இல் தொடங்கிய வைன் திட்டம் அது. 1994 முதல் அதை வழிநடத்திவருபவர் அலெக்சாண்டர் ஜூலியார். வைன் முழு விண்டோஸையும் கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓட்டுவதில்லை. செயலி ஒன்றே என்பதால் மென்பொருளின் கட்டளைகள் நேரடியாகவே இயங்குகின்றன. விண்டோஸிடம் அது எதையாவது கேட்கும்போது மட்டும் வைன் இடைமறித்து, லினக்ஸ் வழியாக அதை நிறைவேற்றித் தருகிறது. ஒரு கணக்கு மென்பொருள் சி டிரைவில் இருக்கும் பேரேட்டுக் கோப்பைத் திறக்கச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். லினக்ஸில் சி டிரைவ் என்று ஒன்று கிடையாது. பயனரின் இல்லக் கோப்புறைக்குள் ஒரு கோப்புறையை ஏற்படுத்தி அதையே சி டிரைவாக வைன் காட்டுகிறது. அடுத்த சிக்கல் கோப்பின் பெயர். ஆங்கிலப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்தாது; லினக்ஸுக்கோ அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். ஆகவே கேட்ட பெயர் அப்படியே இல்லாதபோது, கோப்புறையில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வைன் தேடிப் பார்க்கிறது. இது போன்ற நுணுக்கங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. மைக்ரோசாஃப்டின் மூலநிரலைப் பார்த்தவர்கள் பங்களிக்கக் கூடாது என்பது திட்டத்தின் விதி. வெளியிலிருந்து சோதித்துச் சோதித்தே எல்லாவற்றையும் கண்டறிய வேண்டியிருந்ததால், வைனின் 1.0 பதிப்பு 2008 ஜூனில்தான் வந்தது. தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து.

எட்ட முடியாதது எப்படி எட்டியது? மூன்று காரணங்கள் தெரிகின்றன. முதலாவது, இலக்கே மெல்ல மெல்ல நிலைகொண்டது. பழைய மென்பொருள் புதிய விண்டோஸிலும் ஓட வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் தன் வாடிக்கையாளர்களுக்குத் தந்த வாக்குறுதி. அதைக் காப்பாற்றப் பழைய அழைப்புகளை அது மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்; ஆகவே வைன் ஒருமுறை சரியாக எழுதியது வீணாவதில்லை. இரண்டாவது, உழைப்பு சேர்ந்துகொண்டே போனது. ஒரு நிறுவனம் கைவிட்டால் அதன் முயற்சியும் சேர்ந்து மடியும். 2002-இல் எல்ஜிபிஎல் உரிமத்துக்கு மாறிய வைனிலோ, அதை மாற்றி விநியோகிப்பவர் தம் மாற்றங்களையும் வெளியிட்டாக வேண்டும். மூன்றாவது, பணமுள்ள ஒரு நிறுவனத்துக்கு இதில் நேரடி நலன் பிறந்தது. ஸ்டீம் விளையாட்டுச் சந்தையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2015-இல் ஸ்டீம் மெஷின் என்ற லினக்ஸ் கணினிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விளையாட்டுகளை லினக்ஸுக்கென்று தனியே எழுதித் தரப் போதிய நிறுவனங்கள் முன்வராததால் அவை எடுபடவில்லை. பாடம் கற்ற வால்வ், வைனை அடிப்படையாகக் கொண்ட புரோட்டானை 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. விண்டோஸின் டைரக்ட் 3டி வரைகலை அழைப்புகளை, 2016-இல் வந்த வல்கன் என்ற திறந்த தரத்துக்கு மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே அதற்குக் கைகொடுத்தது. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கருவி, விண்டோஸ் இல்லாமலே ஆயிரக்கணக்கான விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டுகிறது. விண்டோஸ் மென்பொருள்கள் கேட்கும் ஒருவகை ஒத்திசைவு வசதி 2025 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 6.14 கருவிலேயே இடம்பெற்றுவிட்டது.

இந்த வெற்றியே லினக்ஸுக்குக் கேடு என்று வாதிடுபவர்கள் உண்டு. விண்டோஸ் மென்பொருள் அப்படியே ஓடுமானால் லினக்ஸுக்கென்று யார் தனியே எழுதுவார்கள்? ஐபிஎம்மின் ஓஎஸ்/2 இதற்கு எச்சரிக்கை. 1992-இல் வந்த அதன் 2.0 பதிப்பு விண்டோஸ் மென்பொருள்களை நன்றாகவே ஓட்டியது. ‘விண்டோஸுக்கு எழுதினால் இரண்டிலும் ஓடுமே’ என்று மென்பொருளாளர்கள் நினைத்துவிட்டதால் ஓஎஸ்/2 தனக்கென மென்பொருள் இல்லாமல் தேய்ந்தது என்கிறார்கள். வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் இரண்டு சூழல்களும் ஒன்றல்ல. ஓஎஸ்/2 காசுக்கு விற்கப்பட்ட ஒரே நிறுவனத்தின் சரக்கு. விற்பனை குறைந்ததும் அந்த நிறுவனம் அதைக் கைவிட்டது. லினக்ஸை அப்படி யாரும் கடைகட்டிவிட முடியாது. சர்வர்களிலும் ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் அதற்கு வேறு வாழ்வு இருக்கிறது. மேசைக் கணினியில் அது இழப்பதற்குப் பெரிய வணிக மென்பொருள் சந்தையும் இல்லை. தனியே எழுதினால்தான் ஆயிற்று என்ற பிடிவாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2015-இன் ஸ்டீம் மெஷின் காட்டிவிட்டது. முதலில் பயனர்கள் வர வேண்டும். அவர்களுக்கென்று எழுதுபவர்கள் பிறகுதான் வருவார்கள். ஜாக்சன் சொன்ன சுழலை இந்த முனையிலிருந்துதான் எதிர்த்திசையில் திருப்ப முடியும்.

எல்லாம் ஓடுவதில்லையே என்பது அடுத்த ஆட்சேபம். அது உண்மை, மறைக்கக் கூடாது. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், அடோபி மென்பொருள்களின் புதிய பதிப்புகள் பல நேரங்களில் தகராறு செய்கின்றன. இயங்குதளத்தின் கருவுக்குள் நுழைந்து வேலை செய்யும் மோசடித் தடுப்பு நிரல்கள் கொண்ட சில விளையாட்டுகள் ஓடுவதே இல்லை. விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் தரப்பட்ட கருவிகளுக்கு வைனால் உதவ முடியாது. பாதுகாப்பிலும் கவனம் தேவை. வைன் தன்னளவில் பாதுகாப்பு வேலி அல்ல. இயல்பான அமைப்பில் இசட் டிரைவ் என்ற பெயரில் பயனரின் கோப்புகள் எல்லாம் விண்டோஸ் மென்பொருளின் கண்ணுக்குத் தெரியும். அது தீநிரலாக இருந்தால் சேதம் மெய்யானது. ஆகவே வாங்கும் முன் சோதிப்பது, நம்பகமான இடத்திலிருந்து மட்டும் நிறுவுவது, ஓடாத ஒன்றிரண்டு மென்பொருளுக்கு மெய்நிகர் கணினியில் விண்டோஸை வைத்துக்கொள்வது ஆகியவை நடைமுறை விவேகம். ஆனால் சில மென்பொருள்கள் ஓடவில்லை என்பதைக் காட்டி, ஓடுகிற பலவற்றின் பயனை மறுப்பது சரியல்ல. அன்றாட வேலையில் பெரும்பகுதி இன்று பிரௌசருக்குள் வந்துவிட்டது. விண்டோஸே வேண்டும் என்று அடம்பிடிக்கும் மென்பொருள்களின் பட்டியல் ஒரு சராசரி அலுவலகத்தில் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. எஞ்சியிருக்கும் அந்தச் சிலவற்றுக்குத்தான் வைன்.

தமிழுக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன், ஆளுக்கொரு குறியாக்கத்தில் தமிழ் எழுத்துருக்கள் புழங்கின. 1999-இல் டாம், டாப் குறியாக்கங்கள் வந்தன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரங்களாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தின் நூல்களும் இதழ்களும் பேஜ்மேக்கர் போன்ற மென்பொருள்களிலும் அந்தப் பழைய எழுத்துருக்களிலும் உறைந்து கிடக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் மென்பொருள்களை இன்றைய 64 பிட் விண்டோஸ் ஏற்பதே இல்லை. வைன் அவற்றுக்கு இன்னும் இடம் தருகிறது. பழைய மென்பொருள் ஒன்று ஓடினால்தான் அதில் பூட்டிக் கிடக்கும் பக்கங்களைத் திறந்து யூனிகோடுக்கு மாற்ற முடியும். மூலநிரல் மூடிய மென்பொருளுக்கு வைன் ஆயுள் நீட்டிக்கிறது என்று குறைப்படும் கட்டற்ற மென்பொருள் அன்பர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். பூட்டிய கோப்பை விடுவிக்கவும் அதே மென்பொருள்தான் வேண்டியிருக்கிறது.

அரசுகள் செய்யக்கூடியது இங்கேதான் தொடங்குகிறது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய பிறகு, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதில் அரசியலும் கலந்திருந்தது; துறைசார்ந்த மென்பொருள்கள் விண்டோஸைவிட்டு வர மறுத்ததும் தீராத தலைவலியாக இருந்தது. தமிழகத்தில் 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. கல்லூரியும் வேலையும் கேட்கிற மென்பொருள் ஒரு பக்கத்தில் மட்டும் ஓடினால், மறுபக்கம் பெயரளவில்தான் இருக்கும். திறந்த தரங்களுக்கு 2010-இலும் திறமூல மென்பொருளுக்கு 2015-இலும் கொள்கை வகுத்த இந்திய அரசுக்கு, அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர எளிய வழி ஒன்று உண்டு. அரசுப் பணத்தில் உருவாகும் எந்த மென்பொருளும், மக்கள் கட்டாயமாகப் பயன்படுத்த வேண்டிய எந்தப் படிவமும், லினக்ஸில் நேரடியாகவோ வைன் வழியாகவோ ஓடுவதைச் சோதித்துக் காட்டிய பிறகே ஏற்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். ஓடாதபோது அந்தக் குறையை வைன் திட்டத்திலேயே சரிசெய்ய நம் பொறியாளர்களுக்குச் சம்பளம் தரலாம். இன்று அந்தச் செலவில் கணிசமான பங்கை விளையாட்டு விற்கும் ஒரு நிறுவனம் தன் நலனுக்காகச் சுமக்கிறது. அதன் நலன் மாறினால் வேகம் குறையும். வரி கட்டவும், படிக்கவும், பழைய நூலைத் திறக்கவும் குடிமக்களுக்குத் தேவைப்படுகிற ஒன்றை ஒரு விற்பனையாளரின் ஆர்வத்தை நம்பி விட்டுவிடக் கூடாது. இயலாது என்று நீதிமன்றமே எழுதிவைத்த வேலையைத் தன்னார்வலர்கள் தொடங்கிவைத்து வெகுதூரம் கொண்டுவந்திருக்கிறார்கள். மீதியைச் செய்வது பொதுப்பணத்தின் பொறுப்பு.