கோழித் தீவனத்தில் சுருள்பாசி

கறிக்கோழி வளர்ப்போரிடம் இந்நாளில் 'இயற்கை' என்னும் சொல்லைப் போல் எளிதில் விலைபோவது வேறொன்றுமில்லை. மஞ்சள், பூண்டு, துளசி, கீழாநெல்லி ஆகியவற்றின் தூள்களும் சாறுகளும் தீவனத்துடன் கலப்பதற்கென விற்பனைக்கு வருகின்றன. இவற்றுள் பயனுடையனவும் இருக்கலாம். ஆயினும் எவ்வளவு சேர்த்தால், எதற்கு ஈடாக, என்ன பயன் விளையும் என்னும் வினாவிற்கு விடை தராத பொருளை, அது செடியிலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்தால் ஏற்பது அறிவுடைமையாகாது. இவ்வினாவை முறையாக எழுப்பி விடை கண்ட ஆய்வொன்று மைசூரில் நடைபெற்றிருக்கிறது.

இயற்கைப் பொருள்களின்பால் நாட்டம் பெருகியதற்குத் தக்க காரணம் உண்டு. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டட் ஆகியோர், ஆரியோமைசின் தயாரிப்பில் எஞ்சிய கழிவை உண்ட குஞ்சுகள் விரைந்து வளர்வதைக் கண்டனர். அதன்பின், நோயற்ற பறவைகளுக்கும் நாள்தோறும் சிறிதளவு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தூட்டும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றிப் பெருக இவ்வழக்கம் இடந்தருகிறது. ஸ்வீடன் 1986-இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2006-இலும் வளர்ச்சிக்காக இம்மருந்துகளை ஊட்டுவதைத் தடை செய்தன. மனிதர்க்குக் கடைசிப் புகலாக வைக்கப்பட்டுள்ள கொலிஸ்டின் என்னும் மருந்தைக் கோழிகளுக்கும் பிற உணவு விலங்குகளுக்கும் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடுத்தது. அம்மருந்துகள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பவே இப்போது பலரும் முந்துகின்றனர்.

மைசூர்ச் செலுவாம்பா மாளிகையில் 1950-இல் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், 1970களில் ஜெர்மனியின் ஒத்துழைப்புடன் பாசி வளர்ப்பில் ஈடுபட்டது. சீனடெஸ்மஸ் என்னும் பச்சைப்பாசியில் இரு தொல்லைகள் இருந்தன. அதன் நுண்ணிய உயிரணுக்களை நீரினின்று பிரிக்க விசைப்பொறி வேண்டியிருந்தது. தடித்த உயிரணுச் சுவரோ செரிமானத்திற்குத் தடையாய் நின்றது. ஸ்பைருலினா எனப்படும் சுருள்பாசியில் இவ்விரு தொல்லைகளும் குறைவு. சோடா உப்புக் கலந்த ஆழமற்ற தொட்டியில் அது வளரும். அக்காரநீரில் பிற பாசிகள் எளிதில் தலையெடுப்பதில்லை. இழையாகச் சுருண்டிருப்பதால் துணியிலேயே வடித்தெடுக்கலாம். உலர்ந்த பாசியில் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு வரை புரதம் உண்டு.

இப்பாசியைக் கறிக்கோழிக் குஞ்சுகளுக்கு ஊட்டி வெங்கட்டராமன், சோமசேகரன், பெக்கர் ஆகிய மூவர் கண்ட முடிவுகள் 1994-இல் பிரிட்டிஷ் கோழியியல் ஆய்விதழில் வெளியாயின. ஒரு கிலோ தீவனத்தில் 140 அல்லது 170 கிராம் பாசி சேர்த்து, மீன்தூளையோ கடலைப் பிண்ணாக்கையோ விலக்கினர். பாசி கலந்த தீவனத்தில் வைட்டமின், தாது உப்புக் கலவையையும் சேர்க்கவில்லை. 12 வாரங்களுக்குப் பின் நோக்கியபோது, தீவனத்தை உடலாக்கும் திறனிலும் உரித்த இறைச்சியின் விகிதத்திலும் குறைவில்லை, உள்ளுறுப்புகளிலும் வேறுபாடில்லை. இறைச்சியின் நிறம் மட்டும் சற்று மிகுந்திருந்தது.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பாசி வளர்ச்சியைத் தூண்டியதாக அவ்வாய்வு கூறவில்லை. வழக்கமான பொருளுக்கு ஈடாக நின்றது என்றே கூறிற்று. அளவும் ஒப்பீடும் தெளிவாயிருப்பதால், அம்முடிவை எவரும் மீண்டும் சோதித்துப் பார்க்கலாம். சந்தையிலுள்ள மூலிகைப் பொட்டலங்களுள் எத்தனை இச்சோதனைக்கு உட்படும்? மஞ்சளையே எடுத்துக்கொண்டால், அதிலுள்ள குர்குமின் வகைக்கும் விளைநிலத்திற்கும் ஏற்ப மாறுபடும். 'மஞ்சள் சேர்ந்தது' என்னும் குறிப்பினால் கோழிக்குச் சென்ற அளவு புலனாவதில்லை. இயற்கைப் பொருள் தீங்கற்றது என்பதும் பொய். 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருந்தொகையில் மடிந்ததற்குக் கடலைப் பிண்ணாக்கில் பூத்த பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. பிண்ணாக்கை விடவும் இயற்கையான தீவனம் ஏது?

மைசூர் ஆய்வுக்கும் எல்லைகள் உண்டு. இன்று பல்லடம் வட்டாரத்துப் பண்ணைகளில் ஐந்தாறு வாரத்திலேயே கோழி விற்பனைக்குச் செல்கிறது. அன்றைய குஞ்சுகளோ 12 வாரம் வளர்க்கப்பட்டன. இன்றைய தீவனத்தில் புரதம் தருவது பெரும்பாலும் சோயாப் பிண்ணாக்கே. விலையில் அதனோடு பாசி போட்டியிட இயலாது. ஆகவே கிலோவுக்கு 140 கிராம் கலக்குமாறு எந்தப் பண்ணையாளருக்கும் பரிந்துரைப்பது பொருந்தாது. செய்யத்தக்கது, இன்றைய இனக் குஞ்சுகளுக்குச் சோயாத் தீவனத்தோடு சிறிதளவு பாசியும், மற்றொரு தொகுதிக்கு அளவறிந்த மஞ்சளும், மூன்றாம் தொகுதிக்கு இரண்டுமின்றியும் ஊட்டி, ஆறாம் வாரத்தில் எடையோடு செலவையும் ஒப்பிடுவதாகும். இழந்த குஞ்சுகளின் கணக்கையும் அதில் மறைக்காமல் சேர்க்கவேண்டும். அக்கணக்குடன் வரும் பொருளுக்கு இலைச்சாறு, கிழங்குத்தூள் என்ற பேதமின்றிப் பொதுப் பணத்தில் ஊக்கமளிக்கலாம். கணக்கின்றி வரும் பொருளுக்கு மானியம் தருவதில் நியாயமில்லை.