'வலிக்கவே வலிக்காது' என்ற பொய்

பிரெஞ்சு மொழியில் ஒரு சொலவடை உண்டு. பெரிய புளுகனைப் பார்த்து, "பல் பிடுங்குகிறவன் மாதிரி பொய் சொல்கிறான்" என்பார்கள். அந்தக் காலத்தில் பாரீஸில் போன் நெஃப் பாலத்தின் மேல் மேடை போட்டுப் பல் பிடுங்குவார்கள். "வலிக்கவே வலிக்காது" என்று கூவி ஆள் பிடிப்பார்கள். பிடுங்கும்போது அவன் போடும் அலறல் அடுத்தவன் காதில் விழக்கூடாதே! அதற்காக மேளமும் எக்காளமும் முழங்கும்.

இது 300 வருஷத்துக்கு முந்தைய கதை. ஆனால் நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இன்றும் நடக்கிறது. மேளத்துக்குப் பதில் செல்போன். பொய் சொல்வது மட்டும் டாக்டர் இல்லை, கூட வரும் தாத்தா பாட்டி.

அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் பேரப்பிள்ளையைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போவது நம் வயதுக்காரர்கள்தான். சாப்பிட அடம் பிடித்தால், "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன்" என்று வருஷம் முழுக்க மிரட்டுவது. சொத்தைப் பல் வலித்ததும், "ஒண்ணுமே பண்ண மாட்டாங்க கண்ணு" என்று அதே டாக்டரிடம் கூட்டிப் போவது. குழந்தை என்ன முட்டாளா?

டாக்டர்கள் சிலரையும் விடுவதற்கில்லை. கையை ஒருவர், காலை ஒருவர், தலையை ஒருவர் அமுக்கிப் பிடிக்க, நடுவில் வேலை நடக்கிறது. கேட்டால், "வெளியில பத்து பேர் காத்திருக்காங்க சார்" என்கிறார்கள். இன்று மிச்சம் பிடித்த கால் மணி நேரத்துக்கு அந்தக் குழந்தை ஆயுசு முழுக்க வட்டி கட்டும். வளர்ந்த பிறகும் கன்னம் வீங்கினால்தான் பல் டாக்டரைத் தேடும்.

"விழுந்து முளைக்கிற பால் பல்தானே" என்பது இன்னொரு வாதம். பின்பக்கத்துப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. கீழே வரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை. 6 வயதில் வந்த சொத்தை அதுவரை காத்திருக்காது.

குழந்தையின் முதல் பயம் வலியால் வருவதில்லை. கண்ணில் அடிக்கும் விளக்கு, காதைக் குடையும் மெஷின் சத்தம், மூக்கில் ஏறும் மருந்து நெடி, திடீரென்று பின்னால் சாயும் நாற்காலி. முதலில் மிரள்வது இவற்றுக்குத்தான். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில் ஆட்டிசம் உள்ள 162 பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். அறை விளக்கை அணைத்து, டாக்டர் நெற்றியில் மட்டும் சின்ன விளக்கு. மெல்லிய இசை. கூரையில் மெதுவாக நகரும் படங்கள். மேலே கட்டிப்பிடித்தாற்போல இதமாக அழுத்தும் ஒரு போர்வை. பதற்றம் குறைந்தது. சத்தமும் வெளிச்சமும் மற்றவர்களைவிட அதிகமாகத் தாக்கும் அந்தப் பிள்ளைகளுக்கே உதவியது நம் பிள்ளைகளுக்கு உதவாதா?

இதைச் 'செல்லம்' என்று சொல்லாதீர்கள். பெரிய செலவும் இல்லை. எக்ஸ்ரேக்குப் போர்த்தும் கனமான ஏப்ரன் பல கிளினிக்கில் இருக்கிறது; அதையே மேலே போர்த்தலாம். குழந்தை ஏறும் முன்பே நாற்காலியைச் சாய்த்து வைக்கலாம். ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடலாம். வாய்க்கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். 'சொல்லு, காட்டு, பிறகு செய்' என்ற முறையை ஆடல்ஸ்டன் என்ற அமெரிக்கர் 1959-லேயே எழுதி வைத்துவிட்டார். அழுகையை மூடி மறைக்கப் போடும் சத்தம் வேறு, மனசு அடங்கப் போடும் இசை வேறு.

"எங்க காலத்துல யாரு பாட்டுப் போட்டாங்க?" என்று கேட்கும் நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் பயந்து பயந்து தள்ளிப் போட்டுக் கடைசியில் கட்டுப்பல்லுக்கு வந்தோம் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி கிளினிக்கில் முதலிலேயே கேளுங்கள்: "பிள்ளை கையைத் தூக்கினா நிறுத்துவீங்களா?" மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்தக் கல்லூரிகளில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அங்கேயும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

பேரப்பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள்: "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும். பத்து எண்ணறதுக்குள்ள போயிடும். தாங்க முடியலன்னா கையைத் தூக்கு, நிறுத்தச் சொல்றேன்." சொன்னபடி நிறுத்தவும் சொல்லுங்கள்.