கைரேகை வாங்கினால் வைரஸ் அடங்குமா?

போதை மீட்பு மையங்களில் ஹெராயினுக்கு மாற்றாகத் தரப்படும் புப்ரெனார்பின் மாத்திரையை வாங்குவோர் பயோமெட்ரிக் பதிவு செய்தாக வேண்டும் என்கின்றன, பஞ்சாப் அரசு 2025-இல் கொண்டுவந்த புதிய விதிகள். மாத்திரை வெளியே விற்கப்படுவதைத் தடுக்க வேண்டும் என்பது அரசின் வாதம். அதே ஆண்டு மார்ச் 1 அன்று அறிவிக்கப்பட்ட போதை எதிர்ப்புப் ‘போரில்’ ஆயிரக்கணக்கானோர் கைதாகிக்கொண்டிருந்தபோதுதான் இந்த விதி வந்தது. காவல் துறை வீடு வீடாகத் தேடும்போது, ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் ஒருவர் எந்தத் தைரியத்தில் அரசு மையத்தில் விரலை வைப்பார்?

இதன் அடி எச்.ஐ.வி. சிகிச்சையில்தான் விழும். நாட்டில் வயது வந்தோரிடையே எச்.ஐ.வி. தொற்று ஏறத்தாழ 0.2 சதவீதம். ஊசிவழி போதை எடுப்போரிடையே அது 9.03 சதவீதம் என்கிறது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021 கண்காணிப்பு. நாற்பது மடங்குக்கும் மேல்! பஞ்சாபில் 2017-லேயே இது 12 சதவீதம்.

“எச்.ஐ.வி. மருந்து இலவசம், நாளுக்கு ஒரே மாத்திரை. அதைக்கூட விழுங்காதவர்களை என்ன செய்வது?” என்று கேட்பவர்கள் ஹெராயினைப் பற்றி எதுவுமே அறியாதவர்கள். கடைசி ஊசி போட்ட ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எலும்பெல்லாம் வலிக்கும்; வாந்தியும் பேதியும் படுத்தும். கண் விழித்ததும் தேட வேண்டியது அடுத்த ஊசிக்கான பணம். எச்.ஐ.வி. கூட்டு மருந்து வாங்க மாவட்ட மருத்துவமனைக்குப் போனால் ஒருநாள் கூலி போகும். கையில் ஊசித் தழும்பைக் கண்டதும் ஊழியரின் குரல் மாறும். வழியில் போலீஸ் பிடித்தால் மாத்திரை வீட்டில், ஆள் லாக்கப்பில். காசநோயும் இருந்துவிட்டால் ஒரே மாத்திரை என்ற கணக்கே பொய்த்துவிடும்; காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு, எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிரை இரு வேளை தர வேண்டும்.

இத்தனைக்கும் ஒரு மாற்று மருந்து பதில் சொல்கிறது. நான் எங்கே பேசினாலும் எடுத்துக்காட்டுவது 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வை. மெதடோன், புப்ரெனார்பின் போன்ற மாற்று மருந்து பெறுபவர்கள், பெறாதவர்களைவிட எச்.ஐ.வி. சிகிச்சையில் சேரும் வாய்ப்பு 69 சதவீதம் அதிகம். மருந்தைத் தவறாமல் எடுக்கும் வாய்ப்பு இரு மடங்கு. வைரஸ் அளவு அடங்கும் வாய்ப்பு 45 சதவீதம் அதிகம். நாக்கின் அடியில் கரையும் ஒரு மாத்திரை, இன்னொரு மாத்திரைக்கு வழி திறக்கிறது. உடல்வலி அடங்கியவருக்குத்தான் நாளை என்று ஒன்று இருக்கும். அரசு கைரேகைக் கருவி வைத்து மறிப்பது இந்த வழியைத்தான்.

மறிக்காமல் இருக்க முடியும் என்பதை இதே பஞ்சாப் காட்டியிருக்கிறது. 2020 ஊரடங்கின்போது புப்ரெனார்பினைப் பல நாள்களுக்குச் சேர்த்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். நாடு முழுவதும் எச்.ஐ.வி. மருந்தையும் அப்படியே பல மாதங்களுக்கு வழங்கினார்கள். அன்று நம்பிக்கைக்கு உரியவராக இருந்த அதே நோயாளி இன்று எப்படிச் சந்தேகத்துக்கு உரியவரானார்? “கள்ளச்சந்தை” என்பார்கள். புப்ரெனார்பினை வெளியே வாங்குபவர் மையத்தின் வரிசைக்கு வர அஞ்சும் இன்னொரு நோயாளியாகவும் இருக்கலாம். அந்த வாதத்துக்கு இதற்கு மேல் இடம் தர வேண்டியதில்லை.

உண்மையான முட்டுக்கட்டை சட்டத்தில் இருக்கிறது. 2017 எச்.ஐ.வி. சட்டம் சுத்தமான ஊசி கொடுப்பவரைக் குற்ற நடவடிக்கையிலிருந்து காக்கிறது. 1985 போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆவது பிரிவோ, அந்த ஊசியில் ஹெராயின் ஏற்றிக்கொள்பவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டால் 64ஏ பிரிவு விலக்கு அளிக்கிறதே என்று சட்டம் படித்தவர்கள் சொல்லக்கூடும். வழக்கில் சிக்கிய பிறகு கிடைக்கும் விலக்கு, அதற்கு முன் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துவராது.

27-ஆவது பிரிவை நாடாளுமன்றம் அடுத்த கூட்டத்தொடரிலேயே நீக்க வேண்டும். புப்ரெனார்பினும் எச்.ஐ.வி. மருந்தும் ஒரே ஜன்னலில், கைரேகை இல்லாமல், ஒரு மாதத்துக்குச் சேர்த்துத் தரப்பட வேண்டும். இதைச் செய்தால் ஊசிவழி எச்.ஐ.வி. பரவலைப் பஞ்சாபில் குறைக்க முடியும்.