பகுதிநேரப் பயிற்றுநரும் முழுநேரக் குழந்தையும்

அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி நலிந்து கிடப்பதற்கு நிதிப் பற்றாக்குறையும் தலைமையாசிரியர்களின் அலட்சியமுமே காரணம் என்று கல்விப்புலத்தார் கூறிவருகின்றனர். இது பாதி உண்மைதான். நலிவின் வித்து சட்டத்தின் சொற்களிலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைப் புகழாத கருத்தரங்கு இல்லை. அதன் இறுதியில் உள்ள அட்டவணையைச் சொல் சொல்லாகப் படித்தவர்கள் மிகச் சிலரே.

6 முதல் 8ஆம் வகுப்பு வரை அறிவியல்-கணிதம், சமூகவியல், மொழிகள் ஆகியவற்றுக்கு ‘ஆசிரியர்’ வேண்டும் என்கிறது அந்த அட்டவணை. கலைக்கும் உடற்கல்விக்கும் பணிக்கல்விக்கும் வரும்போது சொல் மாறிவிடுகிறது: ‘பகுதிநேரப் பயிற்றுநர்’. அவரும் நூறு குழந்தைகளுக்கு மேல் பயிலும் பள்ளிக்கு மட்டுமே உரியவர். 1 முதல் 5ஆம் வகுப்பு வரை அவரும் இல்லை. ஓடவும் தாவவும் எறியவும் பிடிக்கவும் உடல் பழகும் வயதில் கற்பிக்க ஆளே வேண்டாம் என்று சட்டம் கருதுகிறது.

திடல் வேண்டும் என்கிறது அட்டவணை. அதன் பரப்பைச் சொல்லவில்லை. விளையாட்டுக் கருவிகள் ‘தேவைக்கேற்ப’ என்கிறது. தேவையை அளப்பவர் யார் என்று சொல்லவில்லை. எண்ணிச் சொல்லத் தெரியாத சட்டமன்று இது. தொடக்கப் பள்ளிக்கு 200 நாட்கள், 800 மணிநேரம்; நடுநிலைக்கு 220 நாட்கள், 1,000 மணிநேரம் என்று துல்லியமாக வரையறுக்கிறது. அந்த ஆயிரம் மணிநேரத்தில் ஒரு மணிநேரம்கூட உடற்கல்விக்கென ஒதுக்கப்படவில்லை. இதே சட்டத்தின் 29ஆம் பிரிவோ, குழந்தையின் உடல், மன ஆற்றல்களை முழுமையாக வளர்ப்பதே பாடத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று என்கிறது. முழுமையான வளர்ச்சியைப் பகுதிநேர ஊழியரிடம் ஒப்படைப்பது என்ன தருக்கம்?

சொல்லின் விளைவு ஊதியத்தில் தெரிகிறது. உத்தரப் பிரதேசத்தில் 2013இல் ‘அனுதேசக்’ என்ற பெயரில் அமர்த்தப்பட்ட பயிற்றுநர்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 7,000 ரூபாய். பணியோ பதினொரு மாத ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012இல் பகுதிநேரமாகச் சேர்க்கப்பட்டவர்களுக்கு 5,000 ரூபாய். ஆண்டுதோறும் ஒப்பந்தப் புதுப்பிப்புக்குக் காத்திருப்பவர் ஆசிரியர் அறையில் எந்தக் குரலில் பேசுவார்? பரீட்சை நெருங்கியதும் கணக்கு வாத்தியார் விளையாட்டுப் பாடவேளையை எடுத்துக்கொள்கிறார், தடுப்பாரில்லை. கணக்குப் பாடவேளையைப் பி.டி. வாத்தியார் எடுத்துக்கொண்ட பள்ளி இந்நாட்டில் உண்டா?

எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்பது ஒரு வாதம். கட்டணம் செலுத்தும் வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் நீச்சல் வகுப்பும் மட்டைப்பந்துப் பயிற்சியும் காத்திருக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு வாய்த்தது அந்தப் பாடவேளை ஒன்றுதான். வீட்டிலும் வயலிலும் உழைக்கும் பிள்ளைக்கு உடற்பயிற்சி தேவையில்லை என்பது இன்னும் கொடிய வாதம். தண்ணீர்க் குடம் சுமப்பது உழைப்பு, அது கல்வியாகாது. பிறர் தேவைக்காக வளையும் உடல் தன் விருப்பத்திற்காக அசையக் கற்கும் இடமே திடல்.

உடற்கல்விக்கு ஆதரவாகப் பேசுவோரும் பிழை செய்கின்றனர். அவர்கள் பதக்கங்களை எண்ணுகிறார்கள். ‘கேலோ இந்தியா’ போன்ற திட்டங்கள் திறமைசாலிகளைத் தேடிப் பிரித்தெடுக்கின்றன. அது விளையாட்டுத் துறையின் வேலை. உடற்கல்வி கடைசியாக ஓடிவரும் பிள்ளைக்கும் உரியது. பருவமெய்தியதும் ஓரமாக உட்காரவைக்கப்படும் சிறுமிக்கும், சக்கர நாற்காலியில் இருந்தபடி மற்றவர்களின் செருப்புகளைக் காவல்காக்கும் சிறுவனுக்கும் உரியது. விளையாட்டில் பிறருக்குச் சமமான வாய்ப்பை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத திடலில் அந்த உரிமையை நிறைவேற்றுபவர் யார்?

பாடத்திற்கும் பாட இணைச் செயல்பாட்டிற்கும் இடையே வேலி கூடாது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பேசுகிறது. நியமனமோ கொள்கையின் உரைநடையைப் பார்த்து நடப்பதில்லை. அட்டவணையைப் பார்த்தே நடக்கிறது. அட்டவணையைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதும் இல்லை. சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசின் அறிவிக்கை ஒன்று போதும்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. ‘பகுதிநேரப் பயிற்றுநர்’ என்பது ‘ஆசிரியர்’ என மாற வேண்டும். நூறு என்ற வரம்பு நீங்க வேண்டும். சிறு பள்ளிகள் சிலவற்றுக்குச் சேர்த்து ஒரு முழுநேர ஆசிரியரையேனும் அமர்த்த வேண்டும். வாரத்திற்கு இத்தனை மணிநேரம் என்று எண்ணால் எழுத வேண்டும்; எழுதிய மணிநேரத்தை வேறு பாடம் விழுங்குவதற்குத் தடை வேண்டும்.

கல்வியியல் துறைகள் அறிவுறுத்தல் முறைகளைப் பற்றி ஆண்டுதோறும் ஆய்வேடுகளைக் குவிக்கின்றன. அந்த ஆய்வேடுகளில் குழந்தைக்கு மூளை இருக்கிறது, மொழி இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது. உடல் இருப்பதாகத் தெரியவில்லை. சட்டத்தைக் குறைகூறும் முன் பல்கலைக்கழகம் தன் ஆய்வுத் தலைப்புகளையும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.