துண்டு போட்டவர் வரவேயில்லை

எங்கள் காலத்தில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம். அதற்குச் சண்டையும் நடக்கும். ஆனாலும் துண்டு போட்டவன் முண்டியடித்து ஏறி, அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவான். துண்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவனை நான் பார்த்ததில்லை. கலிபோர்னியா வந்த பிறகுதான் பார்க்கிறேன்.

போன ஆகஸ்டில் மகன் குடும்பத்தோடு மான்ட்டரே வளைகுடாக் கரையில் ஒரு மாநிலப் பூங்காவில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கினோம். இரவுக்கு 35 டாலர். வாசலில் ‘இடமில்லை’ என்று பலகை. ஆனால் எங்கள் பக்கத்து இடம் வெள்ளி, சனி இரண்டு இரவும் காலி. மேசையும் நெருப்புக் குழியும் ஆளில்லாமல் கிடந்தன. சனிக்கிழமை மாலை விறகு வாங்க வாசலுக்குப் போனேன். பழைய பிக்கப் வண்டியில் வந்த ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பின்னால் இரண்டு குழந்தைகள். ஒன்றின் மடியில் மணல் வாளி. பதிவு செய்தவர் எந்நேரமும் வரலாம், அதனால் அந்த இடத்தைக் கொடுக்க முடியாதாம். அவர் வரவேயில்லை.

இந்தக் கடற்கரை சும்மா கிடைத்ததல்ல. 1972இல் மக்கள் வாக்களித்துக் காப்பாற்றியது. 1976இல் வந்த கடற்கரைச் சட்டம், குறைந்த செலவில் தங்கும் வசதிகளைப் பாதுகாக்க வேண்டும் என்றே சொல்கிறது. கடலோரத்தில் ஏழை எளியவர் ஓர் இரவு படுத்து எழ மிச்சமிருப்பது இந்தக் கூடார இடங்கள்தான். அவையும் பெருகுவதில்லை. 2023 ஜனவரிப் புயலில் சீக்ளிஃப் கடற்கரையின் முகாமே அலையில் போய்விட்டது.

“பணம் கட்டியிருக்கிறோமே, எங்கள் இஷ்டம்” என்பார்கள். நீங்கள் கட்டியது தங்குவதற்கு. பூட்டி வைப்பதற்கு அல்ல. வைக்கோற்போர் நாயும் இதைத்தானே செய்கிறது! “கட்டணத்தை ஏற்றினால் சரியாகும்” என்கிறார் ஒரு நண்பர். ஏற்றினால் வசதியுள்ளவர் அப்போதும் மூன்று இடம் பிடிப்பார். அந்தப் பிக்கப் குடும்பம் வாசலுக்கே வராது.

ஊரைக் குறை சொல்லிவிட்டு என் வீட்டை மறைக்க மாட்டேன். அன்றிரவு நெருப்பருகே விசாரித்தேன். அடுத்த வாரத்துக்கும் வேறொரு பூங்காவில் மகன் இடம் போட்டு வைத்திருந்தான். “இருக்கட்டும்ப்பா, தோணினா போகலாம்” என்றான். வாளியோடு திரும்பிப் போன குழந்தையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போனை எடுத்து ரத்து செய்தான். ஒரு சிறு தொகை பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் நஷ்டம்.

என் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஆறு மாதம் முன்னதாக, காலை எட்டு மணிக்குப் பதிவு திறக்கும்போது, காபி டம்ளரோடு கம்ப்யூட்டர் முன் உட்காருவது யார்? பிள்ளைகளுக்கு வேலை. நாம்தான் உட்காருகிறோம். “எதற்கும் இருக்கட்டும்” என்று இரண்டு மூன்று வாரங்களுக்குப் போட்டு வைப்பதும் நாம்தான். இனி ஒன்று போதும். போக முடியாது என்று தெரிந்த அன்றே ரத்து செய்யுங்கள். கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள்.

துண்டு போட்டால் ஏறி உட்காருங்கள். இல்லையென்றால் துண்டை எடுத்துவிடுங்கள்.