மாலை வகுப்பு உண்டு. பதவி உயர்வு உண்டா?

ஆண்டுதோறும் செப்டம்பர் 15-ந் தேதி என்ஜினீயர்கள் தினம் கொண்டாடப்படுகிறது. 1861-ல் பிறந்த சர் எம். விசுவேசுவரய்யாவின் பிறந்த நாள் அது. புனாவில் என்ஜினீயரிங் படித்த அவர், பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில்தான் உத்தியோகத்தைத் தொடங்கினார். அன்று படத்துக்கு மாலை, அறிஞர்களின் சொற்பொழிவு, தேநீர் என்று மும்பையிலும் கூட்டங்கள் நடைபெறுவது வழக்கம்.

ஆனால் டிப்ளமா முடித்துவிட்டு ஊரைவிட்டு வந்து, கட்டிட வேலையில் சூபர்வைசராகவோ டிராப்ட்ஸ்மேனாகவோ இருப்பவரின் கேள்வி வேறு. "இதையெல்லாம் படித்தால் உத்தியோகத்தில் ஒரு படி ஏற முடியுமா?" என்பதே அது.

ஒரு காலத்தில் இதற்குத் தெளிவான பதில் இருந்தது. 1920-ல் தோன்றிய இந்திய என்ஜினீயர்கள் கழகம் நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வில் இரு பகுதிகளிலும் தேறினால், மத்திய அரசு வேலைக்கு அது பட்டத்துக்குச் சமமாகக் கருதப்பட்டது. பகலில் வேலை, இரவில் படிப்பு என்று முன்னேற விரும்பியவர்களுக்கு இது பெரிய வாய்ப்பாக விளங்கியது.

அந்தச் சலுகை 31-5-2013 வரை சேர்ந்தவர்களுக்கே என்று மத்திய அரசு வரையறுத்துவிட்டது. தபால் வழி என்ஜினீயரிங் பட்டத்துக்கும் அடி விழுந்தது. உரிய அனுமதி பெறாமல் அத்தகைய பட்டம் வழங்கிய நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் வழக்கில் 3-11-2017 அன்று சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பான தீர்ப்பு அளித்தது. அவற்றில் ஒன்று சேலத்தில் உள்ளது. பணத்தையும் பல ஆண்டு உழைப்பையும் செலவிட்டவர்கள் கையில் செல்லாத பட்டமே மிஞ்சியது.

அதற்காகப் படிப்பே வீண் என்று இருந்துவிட முடியாது. கான்கிரீட் வேலைக்கான ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு 2000-ல் திருத்தப்பட்டபோது, கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் எம்.15 என்பதிலிருந்து எம்.20 ஆக உயர்ந்தது. பழைய கணக்கையே நம்பி இருந்தவரின் கட்டிடம் தரத்தில் ஒரு படி கீழே நிற்கும். அதில் குடியிருப்பவர்களின் உயிர் அல்லவா அடங்கியிருக்கிறது?

கற்க இன்று வழிகளும் உண்டு. 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களைச் செல்போனிலேயே இலவசமாகக் கேட்கலாம். கட்டணம் கட்டித் தேர்வு எழுதினால் சான்றிதழும் கிடைக்கும். 1982-ல் அமைந்த, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கான்கிரீட் கழகம் பயிற்சிகளும் கருத்தரங்குகளும் நடத்துகிறது. ஆனால் இவை அறிவை வளர்க்குமே தவிர, பட்டத்தின் இடத்தை நிரப்பா.

பட்டம் தேவைப்படுவோருக்கு 2023-24 கல்வி ஆண்டு முதல் புதிய ஏற்பாடு வந்தது. வேலையில் இருப்பவர்களுக்கு வசதியான நேரத்தில் வகுப்பு நடத்தக் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி கவுன்சில் அனுமதி தந்தது. வேலை செய்யும் இடம் கல்லூரிக்கு அருகில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

சிக்கல் இங்குதான். மெட்ரோ வேலை முடிந்தால் துறைமுக வேலை. அது முடிந்தால் வேறு மாநிலம். கட்டிடத் தொழிலில் இருப்பவர் ஒரே ஊரில் மூன்று ஆண்டு தங்குவது அரிது. இரவு கான்கிரீட் போடும் நாளில் மாலை வகுப்புக்கு எப்படிப் போவது? சம்பளம் பிடிக்காமல் அரை நாள் விடுப்புத் தரும் காண்டிராக்டர் எத்தனை பேர்?

இடமாறிச் செல்பவர் புதிய ஊரில் படிப்பைத் தொடர கவுன்சில் வழி செய்ய வேண்டும். நிர்வாகங்களும் படிப்புக்கு நேரம் ஒதுக்குவது கடமை. படிக்க விரும்புவோர், கவுன்சிலின் அனுமதி உண்டா, தம் அலுவலகம் அதைப் பதவி உயர்வுக்கு ஏற்குமா என்பதை எழுத்து மூலம் கேட்டறிந்த பிறகே பணம் கட்டுவது நல்லது. ஏஜெண்டின் வாய்வார்த்தை சர்வீஸ் புத்தகத்தில் ஏறாது.